விளக்கு வேண்டாத உள்ளங்கை

சோல்வை இரண்டு உப்புத்தாள் வட்டுகளை முகத்தோடு முகம் சேர்த்துக் காதருகே வைத்து ஒரு சுற்றுத் தேய்த்தாள். சரசரவென்று மணல் போன்ற பரல் உதிர்ந்து அவள் மடியில் கொட்டியது. வேனின் பின்பக்கம் திறந்து கிடந்தது. உள்ளே புதிதாக வந்த நான்கு பெட்டிகள், ஒட்டிய டேப்புகூடப் பிரியாமல்.

"பாத்தியா? மரத்தத் தொடறதுக்கு முன்னாடியே பல்லு கொட்டிப் போச்சு."

அவள் தம்பி டோர்கில் காப்பிக் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான். "நீ வட்டு வாங்கறியா, குதிரை வாங்கறியா? பல்ல எண்ணிக்கிட்டு இருக்க."

"வழக்கமா வாங்கற வட்டுக்கு என்ன கொள்ள வந்துச்சு?"

"அந்த ஒரு பெட்டிக் காசுக்கு இது நாலு பெட்டி. இந்தக் குளிர்காலத்துல எத்தன வேலை வந்துச்சுன்னு உனக்கே தெரியும். எல்லாரும் பிளாஸ்டிக் தரையில போய் விழறாங்க."

"பழைய வட்டு ஒண்ணு ஒரு அறைய முடிச்சிரும். இது ஒரு சோபாவுக்கு அடியில இருக்கற எடத்த முடிக்காது."

"அப்ப நாலு போடு. அதுக்குத்தான நாலு பெட்டி."

சோல்வைக்குப் பதில் இல்லாமல் இல்லை. பதில் அவளுடைய கம்பளிச் சட்டைப் பைக்குள், விரல்களோடு சேர்ந்து மறைந்து கிடந்தது. அதை வெளியே எடுத்தால் வட்டுச் சண்டை முடிந்துவிடும். அதோடு அவள் பிழைப்பும் முடிந்துவிடும் என்று பயந்தாள்.

தெற்கு ஃபூனன் தீவுப் பக்கத்தில் பழைய பலகைத் தரை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் சோல்வையைத் தெரியும். பன்றிப் பண்ணையில் கூலிக்கு இருந்தவரின் மூத்த மகள். பள்ளியில் உரக்க வாசிக்கச் சொன்னால் நாக்கு கல்லாகிவிடும். வகுப்பு முழுக்கச் சிரிக்கும். படிப்பு ஒட்டாத பெண் என்று எழுதிக் கொடுத்து அனுப்பிய பிறகு, நாற்காலித் தொழிற்சாலையில் தேய்ப்பு வரிசைக்குப் போனாள். அங்கேதான் தன்னிடம் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியவந்தது. வரிசையின் கடைசியில் நின்று நாற்காலிக் கைகளைத் தடவிப் பார்த்து அனுப்புகிற வேலை. மேற்பார்வையாளர் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, மூக்கு உரச, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடுவார். சோல்வை கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஒரு இழு இழுத்து, "இங்க" என்பாள். அங்கே முடியளவு கீறல் இருக்கும். ஒருநாள் அவர் மறுபடி விளக்கை நீட்டியபோது, "விளக்கு கை இல்லாதவங்களுக்கு" என்று சொல்லிவிட்டாள். வரிசை முழுக்கச் சிரித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, அவளைப் பார்த்து அல்ல, அவளோடு சேர்ந்து.

தொழிற்சாலை போலந்துக்குப் போய்விட்டது. கட்டியவனும் கொஞ்ச நாளில் வேறு ஒருத்தி வீட்டுக்குப் போய்விட்டான். தச்சு வேலை பார்த்த டோர்கிலுக்கு அப்போது முழங்கால் கெட்டிருந்தது. அக்காளும் தம்பியும் சேர்ந்து பலகைத் தரை தேய்க்கும் தொழிலுக்கு ஒரு பழைய வேனை வாங்கி, பக்கத்தில் இருவர் பெயரையும் எழுதினார்கள். விலை பேசுவது, பலகை மாற்றுவது, ஃபோனில் சிரித்துப் பேசுவது எல்லாம் அவன். தேய்ப்பு எந்திரம் அவளுடையது. வட்டு தேர்ந்தெடுப்பதும் அவளுடையதாகவே இருந்தது, இந்தக் குளிர்காலம் வரை.

வட்டு விஷயத்தில் அவளிடம் யாரும் வாய் கொடுத்து மீண்டதில்லை. பெட்டியின் விலையைச் சொன்னால் காதில் வாங்கமாட்டாள்; ஒரு தரை முடிய எத்தனை வட்டு தின்னும் என்றுதான் கேட்பாள். பைன் மரத்தில் பிசின் இருக்கிறது. தேய்க்கத் தேய்க்கச் சூடேறி, பிசின் இளகி, பரலுக்கு நடுவே அப்பிக்கொள்ளும். மட்டமான வட்டு அதோடு செத்துவிடும். பிறகு அது தேய்ப்பதில்லை, தடவுகிறது. நல்ல வட்டில் பரல் மழுங்கினால் நுனி உடைந்து புதுக் கூர் வரும். கடைசிவரை கடித்துக்கொண்டே இருக்கும். துளைகள் எந்திரத்தின் துளையோடு சரியாகப் பொருந்தினால் தூளும் மேலே போய்விடும், சூடும் ஏறாது. பின்பக்கத்து வெல்க்ரோ ஒட்டுப்பட்டையைப் பத்துத் தடவை ஒட்டிப் பிரித்துப் பார்ப்பாள். கடைக்காரர்கள் அவளைக் கண்டால் பெட்டியைத் தாங்களே பிரித்து வைத்துவிடுவார்கள்.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த வருடம் அவள் நல்ல வட்டுக்காகத் தொண்டை வறளக் கத்தியதற்குக் காரணம் இதுவல்ல.

நவம்பரில் ஒரு காலை, சூப்பர் மார்க்கெட்டின் குளிர்ப்பெட்டியிலிருந்து பால் எடுத்தாள். கையில் பால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பார்த்தால் வலது கையில் மூன்று விரல்கள் மெழுகுவத்தி மாதிரி வெளுத்து நின்றன. காரில் ஏறி, இரண்டு கையையும் அக்குளில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரத்தம் திரும்பி வரும்போது நெருப்பு எறும்பு ஊறியதுபோல் எரிந்தது.

டாக்டர் இளம்பெண். ஒரு குச்சியின் கூர் முனையையும் மழுங்கிய முனையையும் அவள் விரல் நுனியில் மாற்றி மாற்றி வைத்து, "இது எது?" என்று கேட்டாள். சோல்வை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஊகித்துச் சொன்னாள்.

"எந்திரத்தோட அதிர்வு," என்றாள் டாக்டர். "அழுத்திப் பிடிக்கப் பிடிக்க அதிகமாகும். நிறுத்தினா இதோட நிக்கலாம். நிறுத்தலன்னா போனது திரும்ப வராது. தொழில் நோய்னு நான் பதிவு பண்ணணும்."

"கோடை வரைக்கும் பொறு."

"சோல்வை, இது உன் விரல்."

"அதனாலதான் சொல்றேன்."

பதிவு செய்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு நெசவுக்காரிக்குத் தோள் போனபோது பார்த்திருக்கிறாள். நகராட்சியில் கூப்பிட்டு, அன்பாக உட்காரவைத்து, 'உன்னால் வேறு என்னவெல்லாம் முடியும்?' என்று கேட்டார்கள். இப்போது அவள் பழந்துணிக் கடையில் காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டிருக்கிறாள். சோல்வைக்கு வேறு என்ன முடியும்? உரக்க வாசிக்கவா?

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நல்ல வட்டு போட்டால் எந்திரத்தை அழுத்தவே வேண்டாம். அதன் எடையே போதும். இரண்டு விரலால் திசை காட்டினால் தானே கடித்துக்கொண்டு போகும். கால்வாசி தேய்ந்ததுமே புது வட்டு மாற்றிவிடுவாள். வட்டுதான் அவளுக்கு மருந்தாக இருந்தது. டோர்கில் அந்தச் செலவைப் பார்த்துப் பயந்துபோய், இனி வட்டு நான் வாங்குகிறேன் என்று பிடுங்கிக்கொண்டான். மருந்து நின்றுபோனது அவனுக்குத் தெரியாது.

வெஸ்டர்லுண்ட் ஊர்க்கூடத்தின் வேலை அந்த வாரம்தான் வந்தது. நூறு வருடத்துப் பைன் பலகை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பதின்பருவப் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை. அதை அடுத்து டோர்கிலின் மகள் ஸிக்னேவுக்கு அதே கூடத்தில் விருந்து. கூடத்தின் தலைவி எல்லினோர், முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பேருந்தை விட்டாலும் ஹாரன் அவள் தொண்டையில் தங்கிவிட்டது.

"பாத்துத் தேய், சோல்வை. இந்தத் தரையில நான் நாலு புருஷனோட ஆடியிருக்கேன். அதுல ஒருத்தன்தான் என் புருஷன்."

"அப்ப அடியில ரொம்ப அழுக்கு இருக்கும்."

"தேய்க்கத் தேய்க்கக் கதை வரும். நீ காதப் பொத்திக்க."

பெரிய எந்திரத்தை நடுவில் ஓட்டும்வரை பாதகமில்லை. கடைசிச் சுற்றுக்கும் ஓரங்களுக்கும் கையெந்திரம் எடுத்து மண்டியிட்டபோதுதான் நரகம் தொடங்கியது. புது வட்டு நாலு பலகை போவதற்குள் பிசின் அப்பி வழுக்கியது. அழுத்தினாள். அழுத்தினால் சூடு, சூட்டில் பசை இளகிப் பரல் கழன்றது, கழன்ற பரல் வட்டுக்கு அடியில் மாட்டிச் சுழன்றது. அதிர்வு மணிக்கட்டைத் தாண்டி முழங்கைவரை ஏறியது. மாற்றினாள், அழுத்தினாள், மாற்றினாள். டோர்கில் மேடைப்பக்கம் பலகை செதுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, "ஓடுது பாரு, நல்லாத்தான ஓடுது!" என்று கத்தினான். அவள் நிமிரவில்லை.

சாயங்காலம் தூளை உறிஞ்சி எடுத்த பிறகு, எப்போதும் செய்வதைச் செய்தாள். காலணியைக் கழற்றி, நடுத்தரையில் மண்டியிட்டு, கண்ணை மூடி, உள்ளங்கையை விரித்து இழுத்தாள். எல்லினோர் வாசலில் கைகட்டி நின்று பார்த்தாள். இதைப் பார்ப்பதற்கென்றே ஊரில் ஆட்கள் வருவார்கள்.

"என்ன சொல்லுது தரை?"

உள்ளங்கைக்குக் கீழே பட்டு. ஒரு பிசிறில்லை, ஒரு தடையில்லை. ஓரத்துக்குப் போனாள், அங்கேயும் பட்டு. எழுந்திருக்கும்போது கதவுச் சட்டத்தைப் பிடித்தாள். பெயின்ட் உரிந்து செதில் செதிலாக நின்ற கதவுச் சட்டம். அதுவும் பட்டாகத்தான் இருந்தது.

ஒரு நொடி அவள் அங்கேயே நின்றாள். வேனில், பெட்டிகளுக்குப் பின்னால், கீறலைக் காட்டும் டோர்கிலின் சாய்வு விளக்கு கிடந்தது. நாலு எட்டு நடந்தால் எடுத்துவிடலாம். எல்லினோர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதுன்னு சொல்லுது," என்றாள் சோல்வை.

மறுநாள் காலை மரம் வெளுக்கக் காரநீர் தடவி, அது காய்ந்தபின் வெள்ளைச் சோப்புக் கரைசலைப் பூசினார்கள். சனிக்கிழமை காலை கூடத்துக் குழு காப்பியோடும், வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் உருகி வழியும் ப்ரூன்ஸ்விகர் கேக் தட்டோடும் தரையைப் பார்க்க வந்தது. ஏப்ரல் வெயில் கிழக்கு ஜன்னல் வழியே தாழ்வாக, தரையை உரசிக்கொண்டு நுழைந்தது.

எல்லினோர் தட்டை ஜன்னல் திண்டில் வைத்தாள்.

"ராத்திரி யாரு கோழிகள உள்ள விட்டது?"

ஓரம் முழுக்க, நடுவில் பாதிவரை, சின்னச் சின்னச் சுருள்கள். கழன்ற பரல் ஒவ்வொன்றும் மரத்தில் பன்றிவால் போல ஒரு வளையம் போட்டிருந்தது. வெள்ளைச் சோப்பு அந்தக் கீறலில் எல்லாம் இறங்கி, சாக்கட்டியால் வரைந்ததுபோல எடுத்துக் காட்டியது. நூற்றுக்கணக்கில் இருக்கும். வெயில் ஏற ஏற இன்னும் முளைத்துக்கொண்டிருந்தன.

சோல்வைக்குப் பள்ளி வகுப்பறைக்கே திரும்பிப் போய்விட்டதுபோல் இருந்தது. புத்தகம் கையில் இருக்கிறது, எழுத்து கண்ணில் படுகிறது, வாய் மட்டும் திறக்கவில்லை.

டோர்கில்தான் முன்னால் வந்தான். முகம் சிவந்திருந்தது.

"என் தப்பு," என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி. "வட்டு நான் வாங்கினது. இது குப்பைன்னு அவ அன்னைக்கே சொன்னா. நான்தான் கேக்கல."

"தப்பு யாரோடதுங்கறத அப்புறமா பங்கு போட்டுக்கங்க," என்றாள் எல்லினோர். "நாளைக்கு மத்தியானம் இங்க எழுபது பேர் உக்காரப் போறாங்க. அதுல பாதி உன் சொந்தம்."

"இன்னைக்கே திருப்பித் தேய்க்கறோம். ஓடென்சேக்குப் போய் நல்ல வட்டு வாங்கிட்டு வரேன்."

குழுவினர் ஒவ்வொருவராகச் சோல்வையின் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனார்கள். ஒருவர், "உன் கையா இருந்தும் வட்டு இப்படிப் பண்ணிருச்சே" என்று பரிதாபப்பட்டார். அவள் தலையாட்டினாள். எவ்வளவு சுலபம். தப்பிக்க டோர்கிலே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டான். நுழைந்து போய்விட்டால் போதும். வட்டு மட்டம்தான், பொய்யில்லை. இனி நல்ல வட்டுதான் வரும், மருந்து திரும்பக் கிடைக்கும், கோடை வரை ஓட்டிவிடலாம். அதற்கப்புறம் எத்தனை தரை இப்படிச் சுருண்டு கிடக்கும்? எத்தனை தடவை தம்பி ஊர்முன்னால் தலைகுனிவான்?

டோர்கில் வேன் சாவியை எடுக்கப் போயிருந்தான். சோல்வை மண்டியிட்டாள். கண்ணால் ஒரு சுருளைப் பார்த்து, அதன்மேல் நேராகக் கையை வைத்து இழுத்தாள். பட்டு. விரல் நுனியால் வளையத்தின்மேலேயே வளைந்து போனாள். பட்டு.

"கெளம்பு," என்றான் டோர்கில் வாசலில் இருந்து. "நீயே பாத்து எடு. நான் வாயே தொறக்கல."

"இங்க வா."

"என்ன?"

"இங்க வந்து உக்காரு. கண்ண மூடிட்டு இதத் தடவு."

முழங்காலைச் சபித்துக்கொண்டே குனிந்து தடவினான். "ம். சுரசுரன்னு சுருள் சுருளா. ஏன், என்னைய இன்னும் குத்திக் காட்டணுமா?"

"உனக்குத் தெரியுது."

"செத்தவனுக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியல, டோர்கில்."

அவன் கண்ணைத் திறந்தான். அவள் வலது கையை அவன் முன்னால் நீட்டினாள். கூடத்தில் கணப்பை அணைத்திருந்தார்கள். மூன்று விரல்கள் ஏற்கெனவே வெளுத்திருந்தன. நகங்களின் கீழேகூட நிறமில்லை. அவன் அதைத் தொட்டுப் பார்த்தான். அவன் தொடுவதும் அவளுக்குத் தெரியவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"எப்பலேருந்து?"

"நவம்பர்."

"டாக்டர்?"

"பாத்துட்டேன். எந்திரத்த விடுன்னா."

அவன் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தான். வந்தபோது பரிவு இல்லை, கோபம்தான் இருந்தது. "நாலு பெட்டிக்காக என்னைய ஒரு வாரம் நாயா ஏசினியே! அதுல ஒரு வார்த்தைய இதுக்குச் செலவு பண்ணியிருந்தா நான் தங்கத்துலயே வட்டு வாங்கியிருப்பேனே!"

"சொல்லியிருந்தா நீ வட்டு வாங்கியிருக்க மாட்ட. எந்திரத்தப் புடுங்கியிருப்ப."

அவன் ப்ரூன்ஸ்விகர் தட்டைப் பார்த்தான், சுருள்களைப் பார்த்தான்.

"ஆமா," என்றான் கடைசியில். "புடுங்கியிருப்பேன்."

"விளக்கு வேன்லதான் இருந்துச்சு. எடுத்திருக்கலாம். எல்லினோர் நின்னுட்டு இருந்தா, எடுக்கல. வட்டு உன் தப்பு. தரை என் தப்பு."

ஓடென்சே நகரத்துக் கடையில் பெட்டியைப் பிரித்து வைத்தார்கள். ஒட்டியிருந்த இரண்டு வட்டுகளை அவளால் பிரிக்க முடியவில்லை; டோர்கில் பிரித்துக் கொடுத்தான். அவற்றை முகத்தோடு முகம் வைத்துக் காதருகே தேய்த்தாள். உலர்ந்த, அடங்கிய ஓசை. மடியில் ஒன்றும் விழவில்லை. "இது," என்றாள். விலையை அவன் கேட்கவில்லை.

திரும்பி வந்து எந்திரத்தை அவன் பிடித்தான். எடுத்த எடுப்பிலேயே, பன்றியை அமுக்குவதுபோல அமுக்கினான்.

"அமுக்காத! அது கடிக்கும், நீ புடிச்சா மட்டும் போதும்."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா உன் கை ஏன் நடுங்குது? விட்டுப் புடி."

விட்டுப் பிடித்தான். எந்திரம் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் சுருதி இறங்கி ஓடத் தொடங்கியது. சோல்வை சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடிக்கும்வரை அடித்தொண்டை ஓசை. மழுங்கும்போது மெல்லிசாக ஒரு சீற்றம் கலக்கும்.

"மாத்து."

"இன்னும் ஓடுமே."

"மாத்துன்னேன்."

அவன் மாற்றினான். முனகிக்கொண்டே, ஆனால் மாற்றினான். அவள் அவன் பின்னாலேயே விளக்கைத் தரையில் படுக்கவைத்து, மண்டியிட்டு நகர்ந்து வந்தாள். தன் வாழ்நாளில் சிரித்துத் தள்ளிய விளக்கு. அதன் வெளிச்சத்தில் தரை தெரிந்தது. ஆனால் தெரிவது வேறு, தொடுவது வேறு. அந்த வேறுபாட்டை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

காரநீரும் சோப்பும் போடுவதற்குமுன் டோர்கில் எந்திரத்தை நிறுத்திவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடையில் சாய்ந்தான். கூடம் அமைதியானது. சோல்வை கையைத் தரையில் வைத்தாள், எடுத்தாள். பிறகு அப்படியே குப்புறச் சரிந்து, கன்னத்தைப் பலகையில் வைத்து, மெதுவாக இழுத்தாள்.

மரத்தின் ரேகைகள் ஒவ்வொன்றாக வந்தன. கன்னத்துக்கு எல்லாம் தெரிந்தது.

எல்லினோர் வாசலில் வந்து நின்றாள். "என்ன சோல்வை, படுத்துட்டியா? நாளைக்கு விருந்து, இன்னைக்கே போதையா?"

சோல்வை கன்னத்தை இழுத்துக்கொண்டே ஓரம்வரை போனாள். கண்ணீர் பலகையில் பட்டால் கறை விழும் என்று நினைத்து, ஒரு தடவை தலையைத் தூக்கிச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். கன்னத்தால் எந்திரம் பிடிக்க முடியாது. திங்கட்கிழமை டாக்டருக்கு ஃபோன் செய்தாக வேண்டும். பதிவு செய்யச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் நகராட்சியில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, வேறு என்ன முடியும் என்ற அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். என்ன சொல்வது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

"தரை என்ன சொல்லுது?" என்று எல்லினோர் மறுபடி கேட்டாள். இந்தத் தடவை ஹாரன் இல்லாத குரலில்.

சோல்வை கன்னத்தை எடுக்காமலே இடது பக்கம் கையைக் காட்டினாள்.

"கதவோரம் இன்னும் ஒரு சுருள் இருக்கு," என்றாள். "டோர்கில், விளக்க எடுத்துட்டு வா."

ஒரு காலைத் தாங்கித் தாங்கி அவன் விளக்கை எடுத்து வந்தான்.